குறுக்கே கிடந்த உலக்கை

முதன்முதலாக ஆப்பிரிக்கன் பிளாக்வுட் துண்டு ஒன்று வாங்கியபோது, பார்சலைப் பிரித்த கையோடு குளியலறை வாளியில் போட்டுப் பார்த்தேன். கல் மாதிரி அடிக்குப் போய்விட்டது. மரம் மிதக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது. இது தண்ணீரைவிட அடர்த்தி. நம்மூரில் நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் எப்படியோ, கிளாரினெட் செய்கிறவர்களுக்கு இந்த மரம் அப்படி.

நான் செய்வது பேனா. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் கோட் எழுதும் வேலை. ராத்திரி பால்கனியில் ஒரு குட்டி லேத். முக்கால் இன்ச் சதுரத்தில் ஐந்து இன்ச் நீளக் கட்டை இருந்தால் ஒரு பேனாவுக்குப் போதும். அதை இரண்டாக அறுத்து, நடுவில் 7 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை தடவிச் சொருகி, லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும்.

இளகின மரம் நம் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். அடர்ந்த மரம் பொறுக்காது. ட்ரில் சூடேறினால் மரம் வெடிக்கும். கொஞ்சம் இறக்கி, வெளியே இழுத்து, தூளைத் தட்டி, மறுபடி இறக்க வேண்டும். கடைசி ஒரு நூல் பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டால், ட்ரில் வெளியே வருகிற முனை பிளந்துவிடும். பொறுமையாகக் கடைந்துவிட்டால், உப்புத்தாளை 400-இல் தொடங்கி மேலே மேலே நைசாக ஏற்றிக்கொண்டே போகலாம். வார்னிஷ் இல்லாமலேயே மரம் மினுங்கும்.

ஆனால் இந்த மரங்களை வாங்குவதில் விலையோடு ஒரு குற்றவுணர்ச்சியும் சேர்ந்து வருகிறது. பிளாக்வுட், மத்திய அமெரிக்காவின் கொகோபோலோ, நம்முடைய ஈட்டி, எல்லாமே டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம். கள்ளத்தனமாக வெட்டுவது அதிகமானதால் 2017 ஜனவரியிலிருந்து அந்தப் பேரினம் முழுவதுமே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எங்கோ ஒரு காட்டில் பல பத்தாண்டுகள் நின்ற மரத்தை ரீஃபில் மாட்டுவதற்காகக் கடைகிறோமே என்று உறுத்த ஆரம்பித்தது. அப்போதுதான் ஊர் வீட்டுப் பரணில் கிடக்கும் அம்மாச்சியின் உலக்கை ஞாபகத்துக்கு வந்தது. கருங்காலி உலக்கை.

பொங்கலுக்குப் போனபோது, யாரையும் கேட்காமல் அதன் மேல்முனையில் அரையடி அறுத்தேன். மிக்ஸி வந்த பிறகு யாரும் தொடாத உலக்கைதானே. நாலு பேனாவுக்குக் கட்டை தேறியது. அறுத்த முகம் கறுப்பாக இல்லை, கருஞ்சிவப்பாக இருந்தது. கருங்காலி என்று நாம் இரண்டு மரங்களைச் சொல்கிறோம். ஒன்று எபோனி, அதன் வைரம் முழுக் கறுப்பு. இன்னொன்று வேல மரத்துக்குச் சொந்தம், அதன் வைரம் சிவப்பு. இது இரண்டாவது. மேலே தெரிந்த கறுப்பெல்லாம் கைபட்டுக் கைபட்டு ஏறினது.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். குட்டையாகிப்போன உலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எதுக்குடா தம்பி அறுத்த?”

“பேனா செய்யம்மா.”

“பேனாவா?” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் பெரிய மனுஷி ஆனப்ப குச்சுக்குள்ள உக்கார வச்சு, வாசல்ல குறுக்கப் போட்டது இந்த ஒலக்கதான். பதினாறு நாளு இதத் தாண்டக் கூடாது. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பல.”

அம்மா எட்டாவது வரை படித்தவர் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ படிவங்களில் நானே அப்படி நிரப்பியிருக்கிறேன். ஏன் எட்டாவதோடு நின்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“மன்னிச்சிரும்மா. கேட்டுட்டு அறுத்திருக்கணும்.”

“அறுத்தது அறுத்தாச்சு. செஞ்சா ஒழுங்காச் செய்யி.”

ஒழுங்காகச் செய்ய வரவில்லை. முதல் கட்டை துளை போடும்போதே பிளந்தது. இரண்டாவதில் உளி மாட்டிச் சில்லு தெறித்தது. மூன்றாவதை அழுத்தித் தேய்த்ததில் சூடேறி, முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. சூப்பர் க்ளூ விட்டு மறைத்திருக்கலாம். விற்கிற பேனா என்றால் மறைத்திருப்பேன். நாலாவதுக்குத் துளை மட்டும் ஒரு மணி நேரம் போட்டேன். விடியும்போது முடிந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பி வைத்து, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். ரேஷன் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல்தான் இருக்கிறது. இந்தத் தாளில் தாத்தாவுடையது இருந்தது.

“கனமா இருக்குடா” என்றார். மூடியை மாட்டாமல் இன்னொரு தாளை எடுத்தார்.