பிலிகுண்டுலுவில் மாட்டிய மீன்



ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கடலில் கயாக் படகில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை, தூண்டிலில் மாட்டிய பெரிய மீன் படகோடு இழுத்துக்கொண்டு போகிறது. "சார், இப்படி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டிருந்தான். பார்த்ததென்ன, அனுபவித்தே இருக்கிறேன் தம்பி.

1985. அஞ்செட்டிப் பக்கம் எனக்கு வேலை. பிலிகுண்டுலு தெரியுமல்லவா? கர்நாடகத்திலிருந்து காவிரியில் எத்தனை கனஅடி வருகிறது என்று டிவியில் சொல்கிறார்களே, அதை அளக்கும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புப் பையனின் அப்பா பரிசலில் என்னை ஏற்றிக்கொண்டார். கொக்கியில் கேழ்வரகுக் களி உருண்டை. கையில் வெறும் நரம்பு.

திடீரென்று ஒரு வெட்டு! பரிசல் தட்டாமாலை சுற்றியது. பிறகு ஆற்றை எதிர்த்தே நகர ஆரம்பித்தது. "இழுக்காதீங்க சார், விடவும் விடாதீங்க. அதுவே நம்மள இழுத்துக் களைச்சுப் போகும்" என்றார் அவர். துண்டைச் சுற்றியும் உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்த அந்த அரை மணி நேரத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

மேலே வந்தது மஹ்சீர். திமில் போல முதுகு, ஆரஞ்சுத் துடுப்பு, உள்ளங்கை அகலச் செதில். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை ஆடிப்பெருக்கு பார்த்த மீனோ! விட்டுடலாமா சார்?"

நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் ஊருக்குக் காட்ட ஆசை. அன்று ஊரே குழம்பு சாப்பிட்டது.

1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அப்படி வளரக்கூடிய நம் காவிரியின் திமில் மஹ்சீர், 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அணைகள், வெடி வைத்துப் பிடிப்பது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹ்சீர் இனம் என்று காரணங்கள் பல. அந்தப் பக்கத்துக் காடுகள் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் ஆனது ஒரு ஆறுதல்.

தம்பி, கடலில் மீன் பிடிக்கப் போனால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள். பெரிய மீன் மாட்டினால் ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிடு. மீன் இழுக்கும்போதே உனக்கு வேண்டிய சந்தோஷம் கிடைத்துவிடும். பள்ளிக்கூடம் படிக்காத அந்தப் பரிசல்காரருக்கு அன்றே தெரிந்தது, வாத்தியாருக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது.

அனைவரும் நலமாக இருங்கள்.