மழைக்காலத்துக்குப் போகிற பேத்திக்கு

கண்ணு, உன் பயணத் தாள்களையெல்லாம் உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். கோடைக்காலப் பயணம் என்று மேலே பெரிதாகப் போட்டிருக்கிறது. பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் என்கிற உரிமையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ போகிற கோஸ்டா ரிகாவில் ஜூனும் ஜூலையும் கோடை இல்லை. அங்கே பெரும்பாலான இடங்களில் மே முதல் நவம்பர் வரை மழை. அந்த ஊர்க்காரர்கள் அதைக் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்டு கிடப்பதுதான் அவர்களுக்குக் கோடை. காலையில் வெயில் நன்றாக அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டு கொட்டித் தீர்க்கும். பள்ளிக்கூடங்கள் பிப்ரவரியில் திறந்து டிசம்பரில் முடிகின்றன, நடுவில் ஜூலையில் இரண்டு வாரம் விடுமுறை. அந்த இரண்டு வாரம் போக மற்ற நாட்களில் நீ தங்கப்போகிற வீட்டுப் பிள்ளைகள் காலையில் சீருடை போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். விடுமுறை உனக்குத்தான், அவர்களுக்கு அது வேலைநாள். அந்த வீடு உனக்காக நின்று காத்திருக்காது. இதை மனதில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால் பாதிச் சங்கடம் குறையும்.

பிள்ளைகளை வெளிநாட்டு வீடுகளில் தங்கவைக்கும் இந்த வழக்கம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் இளைஞர்கள் சிலரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போய், ஐரோப்பியப் பையன்களோடு ஒரே முகாமில் தங்கவைத்தார். முதல் உலகப் போர் முடிந்து பதினான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. சேர்ந்து வாழ்ந்தால் பகை குறையும் என்று அவர் நம்பினார். ஆனால் முகாம் வாழ்க்கை அவர் எதிர்பார்த்த நெருக்கத்தைத் தரவில்லை. மறு வருஷம் முறையை மாற்றி, பிள்ளைகளைக் குடும்பங்களில் கொண்டுபோய் விட்டார். அதுதான் நிலைத்தது. அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’. 1934இல் அதன் வழியாக ஜெர்மனிக்குப் போன சார்ஜென்ட் ஷ்ரைவர் என்கிற மாணவர், 1961இல் அமெரிக்க அமைதிப் படைக்கு முதல் இயக்குநராக வந்தார். இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் சுமந்த அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஒன்று இருந்தது. அவர்கள் 1947இல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். ஏ.எஃப்.எஸ். என்ற பெயரில் இன்றைக்கும் அது நடக்கிறது. போர்க்களத்தில் ரத்தம் துடைத்தவர்கள், இனிமேல் இது வேண்டாம் என்று நினைத்துப் பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பினார்கள். உன் பெட்டியில் எத்தனை சட்டை வைப்பது என்று நீ கவலைப்படுகிற இந்த நேரத்தில் அந்த மனிதர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

வாட் கண்டுகொண்டதைத்தான் நானும் உனக்குச் சொல்ல வந்தேன். உன் திட்டத்தில் எரிமலை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிப்போவதும் இருக்கிறது. எல்லாவற்றையும் பார், நன்றாக அனுபவி. ஆனால் உன்னை வளர்க்கப்போவது அந்த வீடு. அங்கே நீ ஒன்றும் தெரியாத பிள்ளையாக இருப்பாய். பள்ளியில் நன்றாகப் பேசுகிறவள், கணக்கில் கெட்டிக்காரி என்பதெல்லாம் அந்த அடுப்படியில் யாருக்கும் தெரியாது. மூன்று வயதுக் குழந்தை மாதிரி இரண்டு சொல்லைச் சேர்த்து, கையால் காட்டி, தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும். இந்த நிலையைக் கண்டு கூச்சப்படாதே. பதினாறு வயதில் ஒருத்திக்கு இது கிடைப்பது பெரிய பேறு என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அது தளிப் பக்கத்தில் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் முதல் வேலைக்கு அங்கே போனேன். தமிழ்நாடுதான், ஆனால் கர்நாடக எல்லை, வீட்டுக்குள் கன்னடம். நானோ தாமிரபரணித் தண்ணீரும் அரிசிச் சோறுமாக வளர்ந்தவள். என்னைத் தங்கவைத்த வீட்டுப் பெரியம்மாவுக்குத் தமிழ் சுத்தமாக வராது. முதல் நாள் ராத்திரி ராகிக்களி உருண்டையும் கொள்ளுச் சாறும் வைத்தார். நான் மென்று மென்று தவிப்பதைப் பார்த்து, கிள்ளிச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் ஒரு முறத்தை என் மடியில் வைத்தார், கொள்ளில் கல் பொறுக்கச் சொல்லி. அந்த முறத்தோடுதான் நான் அந்த வீட்டுக்காரி ஆனேன். கன்னடம் எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அந்தம்மா வேலை ஏவ ஏவ வந்தது.

அதனால் கேட்டுக்கொள். உன் கோஸ்டா ரிகா அம்மா காலையில் அடுப்படிக்குப் போகும்போது நீயும் எழுந்து போய் நில். ராத்திரி மிஞ்சிய சோற்றையும் வெந்த கறுப்பு பீன்ஸையும் வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லி போட்டுப் புரட்டி எடுப்பார்கள். காயோ பின்டோ என்று பெயர், அந்த நாட்டின் காலை உணவே அதுதான். கூடவே முட்டையும் வாழைப்பழப் பொரியலும் இருக்கும். காபியைப் பல வீடுகளில் இன்னும் மரச்சட்டத்தில் தொங்கும் துணிப் பையில் வெந்நீர் ஊற்றி வடிக்கிறார்கள். அந்தப் பையைக் கழுவித் தருவதை உன் வேலையாக எடுத்துக்கொள். ‘நான் என்ன செய்யட்டும்?’ என்ற ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷ் மொழியில் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடு. மற்ற வாக்கியங்கள் அதன் பின்னாலேயே வந்து சேரும்.

கழிவறையில் காகிதத்தைத் தொட்டியில் போடாதே, பக்கத்தில் கூடை இருக்கும். அங்கே குழாய்கள் அப்படி. குளிக்கிற குழாயின் தலையிலேயே மின்சாரச் சூடேற்றி மாட்டியிருப்பார்கள், ஈரக் கையால் அதை நோண்டாதே. தெருப்பெயரும் கதவு எண்ணும் சொல்லி வழி கேட்டால் பலருக்குத் தெரியாது. தேவாலயத்திலிருந்து இருநூறு மீட்டர் வடக்கே, ஐம்பது மீட்டர் கிழக்கே என்றுதான் சொல்வார்கள். சான் ஹோசே பக்கத்தில் எப்போதோ இல்லாமல்போன ஓர் அத்தி மரத்தை அடையாளமாக வைத்து இன்றைக்கும் வழி சொல்கிறார்கள். நம் ஊரில் இடித்துப்போன தியேட்டரை வைத்து வழி சொல்லுகிற பெரியவர்களை நீ பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்த ஊரின் பழசு தெரிந்தால்தான் அங்கே நடக்க முடியும். கைபேசி வரைபடத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பிள்ளைகளோடு கடைக்குப் போய் வந்து கற்றுக்கொள்.

உன்னோடு வருகிற அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், ஆபத்து அதிலேதான். பேருந்தில் ஏறியதும் ஆங்கிலம் தொடங்கிவிடும், வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் அதே கூட்டம் தொடரும். வெர்மான்டில் மிடில்பரி கல்லூரி 1915இலிருந்து கோடையில் மொழிப் பள்ளி நடத்துகிறது. அங்கே சேருகிறவர்கள் படிக்கிற மொழியைத் தவிர வேறெதிலும் பேசமாட்டோம் என்று உறுதி எழுதிக் கொடுக்கிறார்கள். உனக்கு யாரும் அப்படி எழுதி வாங்கவில்லை, நீயே வைத்துக்கொள். முதல் வாரம் தலை வலிக்கும். சாயங்காலமானால் அழுகை முட்டும். அப்போது எனக்குப் போன் பண்ணலாம், தாராளமாக. ஆனால் தினமும் வேண்டாம். நான் தவிப்பேன்தான், பொறுத்துக்கொள்வேன்.

ஒன்றில் மட்டும் பொறுமை வேண்டாம். யாராவது நடந்துகொள்வது மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், விருந்தாளி முகம் கோணக் கூடாது என்று நினைத்து வாய் மூடி இருக்காதே. அன்றைக்கே உங்கள் குழுத் தலைவரிடம் சொல், வீடு மாற்றச் சொல்லிக் கேள். நம் பெண் பிள்ளைகளுக்குப் பணிவைச் சொல்லித் தந்த அளவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் பணிவும் உன் பாதுகாப்பைவிடப் பெரியது இல்லை.

உன் தாள்களில் சேவை என்று ஒரு பகுதி இருக்கிறது. இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிப்பது, மரக்கன்று நடுவது என்று போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், உள்ளூர்க்காரர்கள் கேட்டுக்கொண்ட வேலையாக இருந்தால். வெளியூர்ப் பிள்ளைகள் சேவை செய்ய வருகிறார்கள் என்பதாலேயே ஒரு தேவை உண்டாக்கப்படுவதும் உண்டு. கம்போடியாவில் அது நடந்தது. வெளிநாட்டுப் பயணிகளின் மனம் இளகி நன்கொடை கொட்டக் கொட்ட, அனாதை இல்லங்கள் பெருகின. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று 2011இல் யுனிசெப் எடுத்துச் சொன்னது. வறுமையில் பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள், பார்க்க வந்தவர்கள் தூக்கிக் கொஞ்சிப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் ஒட்டிப் பழகிவிட்டுப் போகிற அக்காமார்களை அந்தக் குழந்தைகள் எத்தனை முறை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உன் திட்டத்தில் அனாதை இல்லம் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். இருந்திருந்தால் போகவே விட்டிருக்கமாட்டேன்.

நீ போகிற மான்டெவெர்டே மலையிலேயே வேறு விதமான கதை இருக்கிறது. 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குவேக்கர் குடும்பங்கள் சில அங்கே குடியேறின. கட்டாய ராணுவப் பதிவுக்கு மறுத்ததால் அவர்களில் சிலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். கோஸ்டா ரிகா 1948இல்தான் தன் ராணுவத்தையே கலைத்திருந்தது, அதைப் பார்த்து வந்தார்கள். மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தார்கள். ஆறு பிறக்கிற உச்சிக் காட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று வந்த புதிதிலேயே முடிவுசெய்து ஒதுக்கிவிட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்ட அந்த மனிதர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

1987இல் ஸ்வீடனில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏஹா கெர்ன் என்கிற ஆசிரியையின் வகுப்புப் பிள்ளைகள் மழைக்காடுகள் அழிவதைப் பற்றிப் படித்துவிட்டு, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நாடகம் போட்டும் சின்னச் சந்தை நடத்தியும் பணம் சேர்த்து மான்டெவெர்டேவுக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளூர்க்காரர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து நடத்திய பாதுகாப்புக் கழகம் அந்தப் பணத்தில் காட்டு நிலம் வாங்கியது. பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். இன்று குழந்தைகளின் நிரந்தரக் காடு என்ற பெயரில் 22,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கிறது, அந்த நாட்டின் மிகப் பெரிய தனியார் காப்பகம் அதுதான். பணம் அனுப்பிய குழந்தைகளில் எத்தனையோ பேர் அந்தக் காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. எந்த நிலம் வாங்குவது, யார் காவல் என்பதை அங்கேயே வாழ்கிறவர்கள் தீர்மானித்தார்கள். அப்படிப்பட்ட உதவியில் நீயும் சேரலாம்.

அதே மலையில் தங்கத் தேரை என்று ஒன்று இருந்தது. ஆண் தேரை பளீரென்ற ஆரஞ்சு நிறம். 1960களில்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. 1987இல் ஆயிரத்துக்கு மேல் பார்த்தார்கள். 1989இல் கடைசியாக ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காடு காப்பாற்றப்பட்டும் தேரை போய்விட்டது. அந்த ஊர்ப் பெரியவர்கள் யாராவது அதைப் பார்த்திருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருந்தது என்று கேள். எனக்கு எழுது.

டோர்டுகேரோ கடற்கரையில் இரவில் ஆமை பார்க்கக் கூட்டிப்போவார்கள். ஜூலை முதல் பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும். சூப்புக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டவை அவை. 1950களில் ஆர்ச்சி கார் என்கிற விலங்கியலாளர் அந்தக் கரையில் ஆராய்ச்சி தொடங்கி, அவற்றைக் காக்கப் பாடுபட்டார். அங்கே கைபேசி, கேமரா எதற்கும் அனுமதி இல்லை. வழிகாட்டி சொன்ன இடத்தில் நின்று, இருட்டில் சும்மா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தபின் இதையும் தெரிந்துகொள்: சென்னையில் 1988இலிருந்து மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஜனவரி தொடங்கி இரவெல்லாம் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். உன் அம்மா படித்த ஊர்க் கடற்கரை அது. அடுத்த முறை பொங்கலுக்கு வரும்போது ஒரு ராத்திரி நாம் இரண்டு பேரும் போவோம். என் முழங்கால் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரம்.

செலவைப் பற்றி உன் அப்பா உன்னிடம் பேசியிருக்கமாட்டார். ஆயிரக்கணக்கான டாலர். உன் வகுப்பில் எல்லாராலும் முடியாது. அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை 2006இல், மாணவர்களுக்குச் செலவில்லாமல் மொழி படிக்க அனுப்பும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரபு, சீனம், கொரியன், இந்தி என்று அதில் பல மொழிகள் இருந்தன. உன் தோழிகளில் கையில் பணமில்லாமல் ஆசையோடு இருக்கிற பெண் யாராவது இருந்தால், இப்படிப்பட்ட உதவித்தொகைகளை அவளோடு உட்கார்ந்து தேடிக் கொடு. கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவதற்காக இந்தப் பயணத்தைச் சேமித்து வைக்காதே. ஒவ்வொரு சாயங்காலத்தையும் எப்படி எழுதலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தச் சாயங்காலம் கையில் நிற்காது.

அந்த வீட்டாருக்குப் பெரும்பாலும் திட்டக்காரர்கள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் தருவார்கள். அதைத் தெரிந்துகொண்டு, ‘காசுக்குத்தான் செய்கிறார்கள்’ என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. அந்தப் பணம் பல வீடுகளில் அந்தப் பெண்மணியின் சொந்தச் சம்பாத்தியம். தளிப் பெரியம்மாவும் மாதா மாதம் என்னிடம் வாடகை வாங்கினார். எனக்குக் காய்ச்சல் கண்ட வாரம் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டதும் அவர்தான்.

திரும்பி வந்ததும் அவர்களுக்கு ஸ்பானிஷ் மொழியில் கடிதம் எழுது, தப்புத் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது உன் ஊரைப் பார்க்க ஆசை இருந்தால் வரச் சொல். உன் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. உன் அம்மாவிடம் நேற்றே கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறாள்.