ஆறில்லா ஊரின் ஆறு

கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று கிழக்கே கைநீட்டி வாப்பா சொல்வார்: "அந்தா, அங்காலதான் உப்பாறு."

"ஆறெண்டா தண்ணி ஓட வேணுமே, வாப்பா?"

சிரிப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலோடு சேரும். தொண்டைமானாறும் உப்பாறும் கடல்நீரேரிகள். ஆனாலும் நம்மவர்கள் ஆறு என்றே அழைத்தார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் மெய்யான ஆறுகளைக் கண்டோம். அவற்றின் பெயரோ ஓயா: மீ ஓயா, கலா ஓயா. அநுராதபுரத்தைத் தாண்டி வரும் மல்வத்து ஓயா மன்னாரில் அருவியாறு ஆகிறது. தண்ணீர் ஒன்று, அழைக்கும் நாவு வேறு.

பழந்தமிழில் அது யாறு. யாண்டு ஆண்டானதுபோல, யாறும் ஆறாயிற்று. மலையாளத்திலும் ஆறு, தெலுங்கில் ஏரு. தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள்.

வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். பல வருடங்களின் பின் மகளுடன் கொழும்புத்துறைக்குப் போனேன். கிழக்கே கைநீட்டி, "அங்காலதான் உப்பாறு" என்றேன்.

"ஓயாவா, வாப்பா?"

"இல்லை மகள், ஆறு."

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள்.