குப்பியில் முளைத்த இலை

மக்கா, நீ கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிறாய். உனக்குச் சொல்ல வேண்டியதை, குப்பியிலிருந்து தொட்டிக்கு மாற்றுகிற ஆர்க்கிட் கன்றை வைத்தே ஆச்சி சொல்லிவிடுகிறேன்.

ஆர்க்கிட் விதை தூசியளவுதான். ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்மணிக்குள் இருக்கும் மாவு இதில் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நுட்சன், அகர் கூழில் சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்த்து, பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்றைய குப்பிக் கன்றெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

குப்பிக்குள் கிருமி இல்லை, காற்று முழுக்க ஈரம், காலடியிலேயே சாப்பாடு. அதனால் அங்கே முளைக்கும் இலையில் மெழுகுப் பூச்சு மெலிந்திருக்கும். இலைத்துளைகளுக்குச் சரியாக மூடவும் தெரியாது. அப்படியே வெளியே வைத்தால், காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற நம் கூடங்குளத்து ஆடிக்காற்றில் கன்று சுருண்டுவிடும்.

ஆகவே பதமாக மாற்ற வேண்டும். வேரில் ஒட்டிய கூழை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசணும். சர்க்கரை கொஞ்சம் தங்கினாலும் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு பூஞ்சணக்கொல்லியில் நனைத்து, தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்ட தொட்டியில் நாலைந்து கன்றுகளை நெருக்கி நட வேண்டும். மண் ஆகாது. தொட்டியை நிழல்வலைக்கடியில் வைத்து, மேலே பாலித்தீன் உறை போடணும். சில நாளில் உறையில் சிறு துளை, அப்புறம் காலையில் கொஞ்ச நேரம் திறப்பு, பிறகு மாலையிலும். உறையை முழுசாக எடுக்கச் சில வாரம் ஆகும். உப்பேறிய போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் காலையில் தெளித்தால் போதும். வாடிவிடுமோ என்று பயந்து ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் வீட்டில் கன்று அழுகித்தான் சாகிறது. உன் அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் குப்பியில் முளைத்த இலைகளில் பல மஞ்சளாகி உதிரும். பார்ப்பவர்கள் கன்று போய்விட்டது என்பார்கள். நீ இலையைப் பார்க்காதே, அடியைப் பார். பச்சை நுனியோடு ஒரு வேர் கிளம்பி மட்டையைப் பற்றியிருந்தால் அது பிழைத்துக்கொண்டது. அடுத்து வரும் இலை தடித்து வரும், வெயிலையும் காற்றையும் தாங்கும். பள்ளிக்கூடத்து முதல் மதிப்பெண், தெருவே உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பெருமை, எல்லாம் முதல் செமஸ்டரிலேயே உதிரலாம். அவை வீட்டுக்குள் முளைத்தவை, மக்கா. உதிர்ந்தால் உனக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு தோழி, புரிந்துபோன ஒரு பாடம், நீயாகத் தேடிக்கொண்ட ஒரு வேலை, இப்படி ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டாயா என்று மட்டும் பார்.

நம் தாமிரபரணி பிறக்கிற பொதிகை மலையில் ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் பூ, நடுவில் பழுப்புக் கோடு. தென்னிந்தியாவில் அந்தச் சாதிக்கு அது ஒன்றுதான். 1865-ல் கர்னல் டிரூரி கண்டெடுத்ததால் அவர் பெயரே அதற்கு. தோட்டக்காரர்களின் ஆசைக்குப் பறித்துப் பறித்தே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆய்வுக்கூடத்தில் அதைக் குப்பியில் பெருக்கி, மலைக்கே திருப்பி நட்டார்கள். குப்பிக் கன்று வெளிக்காற்றுக்குப் பழகிய பிறகுதான் மலையேற முடியும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இலை உதிர்வது வேறு, தண்டு அழுகுவது வேறு. தண்டு கறுத்தால் பொறுத்துப் பார்க்கக் கூடாது, அன்றைக்கே பிரித்தெடுக்க வேண்டும். விடுதியில் யாராவது உன்னை மிரட்டினாலோ அவமானப்படுத்தினாலோ, நேரம் பார்க்காமல் அந்த இரவே ஆச்சிக்குப் போன் செய். முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன்.