ஓட்டுநர் யார், பயணி யார்?

"புற்றுநோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் அடிக்கடி ஒரு தலைப்பு வரும். இதுதான் காரணம் என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். எனக்கு அதுதான் சுவாரசியமாகப் படுகிறது.

ஒரு புற்றுக்கட்டியின் டிஎன்ஏவை முழுதாகப் படித்தால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் பிறழ்வுகள் கிடைக்கும். வெயில், சிகரெட் புகை, வயது, செல் பிரியும்போது நேரும் நகல் பிழை எல்லாம் விட்டுப்போன தழும்புகள் அவை. இவற்றில் செல்லைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைப்பவை மிகச் சிலதான். அவற்றுக்கு 'ஓட்டுநர்' என்று பெயர். மற்றவை 'பயணிகள்'. சும்மா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பவை.

சரி, எப்படிப் பிரிப்பது? ஒரு நோயாளியை மட்டும் பார்த்தால் தெரியாது. நூற்றுக்கணக்கான கட்டிகளை ஒப்பிட வேண்டும். தற்செயலான பிறழ்வு ஆளுக்கொரு இடத்தில் இருக்கும். ஓட்டுநரோ திரும்பத் திரும்பத் தலைகாட்டும். 2002-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிலைய விஞ்ஞானிகள் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பிராஃப் மரபணு இப்படி அடிக்கடி மாறியிருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் ஒரே இடம், 600-வது அமினோ அமிலம். அதைக் குறிவைத்த வெமுராஃபெனிப் மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் வெறும் எண்ணிக்கையை நம்பினால் ஏமாந்துபோவோம். தசைப் புரதமான டைட்டினின் மரபணு மிக நீளமானது. பெரிய மைதானத்தில் அதிக மழைத்துளி விழுவதுபோல, அதில் பிறழ்வும் அதிகம். வாசனையை உணரும் மரபணுக்கள்கூட நுரையீரல் புற்றுநோய்ப் பட்டியலில் வந்து நின்றன! மரபணுவின் நீளம், அந்தப் பகுதியில் இயல்பாகவே பிறழ்வு நேரும் வேகம் இரண்டையும் கழித்துக் கணக்கிட வேண்டும் என்று 2013-ல் பிராட் நிலையக் குழு காட்டியது. அதன் பிறகும் மிஞ்சுகிறவற்றை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் புகுத்திச் சோதிக்க வேண்டும்.

இதோடு கதை முடிந்திருந்தால் நிம்மதி. 2018-ல் ஆரோக்கியமான உணவுக்குழாய்த் திசுவைப் படித்தபோது, நாட்ச்1 என்ற 'ஓட்டுநர்' மரபணுவின் பிறழ்வு அங்கே நிறைய இருந்தது. உணவுக்குழாய்ப் புற்றுக்கட்டிகளில் இருப்பதைவிடவும் அதிகம்!

ஆகவே, அடுத்த முறை அந்தத் தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எதிர்பார்த்ததைவிட அதிகமா? நல்ல திசுவிலும் தேடினார்களா? ஒருவருக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதே இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.