இரண்டு தோம்புகள்

எங்கள் உம்மும்மாவின் வீடு காலிக் கோட்டைக்குள் இருக்கிறது. முன்னால் மரத்தூண்கள் தாங்கும் இஸ்தோப்பு, உள்ளே நீண்ட மண்டபம், அதற்கப்பால் வானம் தெரியும் நடுமுற்றம், கடைசியில் குசினியும் கிணறும். இப்படியான வீடுகள் கோட்டைக்குள் பல உண்டு. எங்கள் வீட்டைப் பற்றி நான் எழுதக் காரணம், கடந்த வருடம் அதை அளந்து பதிவு செய்ய ஆட்கள் வந்ததும், அதன் பிறகு எங்கள் குடும்பத்துக்குள் எழுந்த பேச்சும்தான்.

பழைய கட்டடம் ஒன்றை அரசு எப்படிப் பாதுகாக்கிறது என்பது உயர்தரத்தில் வரலாறு படிக்கும் எனக்கே முன்பு சரியாகத் தெரியாது. இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களை அது புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால் அது வர்த்தமானியில் வெளிவரும். காலிக் கோட்டைக்கு இதைவிட மேலதிகப் பொறுப்பும் உண்டு. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. இதனால் கோட்டைக்குள் வாழ்பவர்கள் வீட்டின் முகப்பையோ உயரத்தையோ கூரையையோ நினைத்தபடி மாற்ற முடியாது, அனுமதி வேண்டும்.

அனுமதி கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் கணக்கெடுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கட்டடக்கலை படிக்கும் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அன்று நான் படித்தவை கொஞ்சமல்ல.

அவர்கள் சுவரைக் கைவிரலால் தட்டிப் பார்த்தார்கள். சத்தத்தை வைத்தே எங்கே பூச்சு கழன்றிருக்கிறது என்று சொன்னார்கள். வாசல் சுவரின் கனம் இரண்டே கால் அடி. பூச்சு உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தெரிந்தன. குளியலறைப் பக்கச் சுவர் மட்டும் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று கேட்டேன். சுண்ணாம்பு பூசிய சுவர் உறிஞ்சிய ஈரத்தை மீண்டும் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், உப்புப் பூத்துக் கல்லைத் தின்னும் என்று விளங்கப்படுத்தினார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் காற்றைத்தான் இத்தனை காலமும் குறை சொல்லி வந்தோம்.

அவர்களிடம் ஒரு படிவம் இருந்தது. உரிமையாளர், தற்போதைய பயன்பாடு, மாடிகளின் எண்ணிக்கை, சுவர், கூரை, கதவு, ஜன்னல், பிற்கால மாற்றங்கள், தற்போதைய நிலை, முக்கியத்துவம் என்று வரிசையாகக் கட்டங்கள். காலம் என்ற கட்டத்தில் ‘ஒல்லாந்தர் காலம்’ என்று எழுதினார்கள். பிற்கால மாற்றங்கள் என்ற கட்டம்தான் நிரம்பி வழிந்தது. உம்மும்மாவின் வாப்பா தொழுகைக்கென்று தடுத்த சிறிய அறை, ஒளூச் செய்வதற்காக முற்றத்தில் கட்டிய தொட்டி, பெண்கள் வந்து போகத் திறந்த பக்கக் கதவு எல்லாமே அங்கேதான் போயின.

அவர்கள் போன பின் உம்மும்மா என்னைக் கூப்பிட்டு, “என்னெல்லாம் எழுதின மகள்?” என்று கேட்டார். அவர்கள் தந்துவிட்டுப் போன பிரதியை நான் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எல்லாம் சரிதான். இதுல நாங்க எங்க ஈக்கிற?”

நான் தேடினேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் அவரது பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி என்னை ஒல்லாந்தர் காலத்துக்கே கொண்டு போனது. 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். இலங்கையில் தாங்கள் ஆண்ட பகுதிகளில் அவர்கள் தோம்பு என்ற பதிவேடுகளை எழுதினார்கள். காணித் தோம்பில் நிலமும் தோட்டமும். தலைத் தோம்பில் குடும்பமும் ஆட்களும். யாரிடம் எவ்வளவு வரி வாங்கலாம், யாரிடம் என்ன வேலை வாங்கலாம் என்று அறிவதே அவர்களின் நோக்கம். நம் முன்னோர்மீது ஊழியம் என்ற கட்டாயச் சேவையைச் சுமத்தியவர்களும் அவர்களே. ஆகவே அவர்களைப் புகழ நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு விடயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: நிலத்தை மட்டும் எழுதினால் ஓர் ஊரின் கணக்கு முடிவதில்லை. நம் காலக் கணக்கெடுப்பில் காணித் தோம்பு இருக்கிறது, தலைத் தோம்பு இல்லை.

பதிவில் இல்லாதது எப்படி மறைந்துபோகும் என்பதற்குக் கோட்டைக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இன்று பெட்லர் வீதி என்று பெயர்ப்பலகை தொங்கும் தெருவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ‘மூர்ஸ் கிராமர் ஸ்ட்ராட்’. சோனக வியாபாரிகளின் தெரு என்று பொருள். ஆங்கிலப் பெயரில் வியாபாரி நின்றுவிட்டார், சோனகர் போய்விட்டார். பெயர்ப்பலகையைப் படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணிக்கு நம்மவர் அங்கே நடந்து திரிந்த சங்கதி தெரிய வழியில்லை.

இதனால் கணக்கெடுப்பே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சட்டமும் பதிவும் இல்லாதிருந்தால் இந்த வீடுகளின் இடத்தில் இன்று கொங்கிரீட் மாடிகள் நின்றிருக்கும். 2004 சுனாமியில் காலி நகரம் பட்ட பாட்டை நம் பெற்றோர் கண்ணால் கண்டவர்கள். அன்று கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவு காத்தது அந்தப் பழைய மதில்தான். பழையதைக் காப்பது வீண்வேலை என்று காலியில் ஒருவரும் சொல்ல முடியாது.

ஆனால் காப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் கூரைக்கு அரைவட்ட நாட்டு ஓடுதான் போட வேண்டும். அது கிடைப்பதும் அரிது, அதைப் போடத் தெரிந்த பாஸ்மார் கிடைப்பதும் அரிது. அனுமதிக்காக ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மண்டபத்தில் இப்போதும் மூன்று வாளிகள் இருக்கின்றன. இதற்கிடையில் வீட்டை ஹோட்டலாக்க விலை கேட்டு மாதம் ஒருவராவது கதவைத் தட்டுகிறார்.

பெரிய மாமா விற்கலாம் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “வீட்டைக் காப்பாத்துங்க என்டு சொல்ற எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒருத்தரும் ஓடு வாங்கித் தாறல்ல” என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுனாமிக்குப் பிந்திய காலத்தில் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டைக்குள் சில தனியார் வீடுகள் திருத்தப்பட்டன. அப்படியான உதவி, குடியிருப்பவர்களுக்கென்று தொடர்ந்து கிடைத்தால் மாமாவின் பேச்சும் மாறக்கூடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உம்மும்மாவுக்கு இரண்டு ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள். அவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்க வேண்டும். ஒருநாள் மார்க்கப்படி பங்கு வைக்கும்போது இந்த வீடு ஆறு பங்காகும். மாமாமாருக்கு இரண்டிரண்டு, உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒவ்வொன்று. சாதாரண வீடென்றால் நடுவே சுவர் எழுப்பிப் பிரிக்கலாம், மேலே ஒரு மாடி போடலாம். பதிவான வீட்டில் அது நடக்காது. விற்றுப் பணமாகப் பிரிப்பதுதான் இலகுவான வழி. கோட்டைக்குள் ஒரு குடும்பம் போனால் ஒரு ஹோட்டல் வருகிறது. சுவர் அப்படியே நிற்கும், முன்னிலும் அழகாக வெள்ளை அடிக்கப்பட்டு நிற்கும். ஆனால் மீரான் ஜும்ஆப் பள்ளியின் ஸஃபில் ஓர் இடம் குறையும். நோன்புக் காலத்தில் கஞ்சிக்குப் பாத்திரம் கொண்டு வரும் பிள்ளை ஒன்று குறையும். எந்தப் படிவத்திலும் இந்த நட்டத்துக்குக் கட்டம் இல்லை.

கட்டடத்தைப் பதிவு செய்கிறவர்கள் அதில் வாழ்கிறவர்களையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. அந்த வீட்டில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது, எந்த மாற்றத்தை யார், எதற்காகச் செய்தார், தொடர்ந்து வாழ அவர்களுக்கு என்ன தேவை என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்தாலே போதும். அப்போது ஒளூத் தொட்டி ‘பிற்கால மாற்றம்’ என்ற வரியோடு நிற்காது. அதுவும் அந்த வீட்டின் வரலாறு ஆகும்.

அதுவரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து ‘தலைத் தோம்பு’ என்று பெயர் போட்டிருக்கிறேன். அஸர் தொழுத பின் உம்மும்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எந்த அறையில் யார் பிறந்தார், யாருடைய ஜனாஸா எந்த வாசலால் போனது, யுத்த காலத்தில் யாருக்கெல்லாம் இந்த மண்டபத்தில் பாய் விரிக்கப்பட்டது என்று இதுவரை முப்பத்தொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. போன வாரம் பெரிய மாமா அதைப் புரட்டிப் பார்த்தார். தான் விழுந்து பல் உடைத்த படிக்கட்டைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்டார். விற்பதைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

தோழிகளே, உங்கள் வீடு பேருவளையிலோ வெலிகமையிலோ தர்கா நகரிலோ இருக்கலாம். யுனெஸ்கோ அதைத் தேடி வராமலும் போகலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், அவர் இருக்கும்போதே ஒரு கொப்பி வாங்குங்கள்.