திடலுக்கு ஏற்ற காணொளிக் கருவி

விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது, எந்தக் காணொளிக் கருவி வாங்கலாம் எனப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கைப்பேசி போதாதா? வகுப்பறைக்குப் போதும். ஆனால், 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் பிள்ளை, முடிவுக் கோட்டருகே கூடாரத்தில் இருப்பவரின் கைப்பேசியில் எறும்பளவே தெரிவாள்.

கருவியின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாக்கத்தை நம்ப வேண்டா. அது பதிவான படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது, முகம் கலங்கிவிடும். வில்லையே நகர்ந்து பெரிதாக்கும் ஒளியியல் வகை 20 மடங்கேனும் இருக்கட்டும். அவ்வளவு பெரிதாக்கினால் கைநடுக்கமும் பெரிதாகும். எனவே, நடுக்கத்தைத் தணிக்கும் வசதியும் இன்றியமையாதது. காலை பத்து மணி வெயிலில் திரையில் எதுவும் தெரியாது. கண்வைத்துப் பார்க்கும் துளை சிறிய கருவிகள் பலவற்றில் இல்லை, இருந்தால் விடாதீர்கள்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை, விடியுமுன் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். மகளின் பதினாறு வினாடி ஓட்டத்தை அவர் இரவில்தான் பார்ப்பார். மகள் முகம் தெரிந்தால் அவருக்குப் போதும்.

வாங்குமுன் கடைவாசலில் நின்று, எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள்.